கையால ஓட்டுனா ஓடுது, தானா ஓட மாட்டேங்குது: லினக்ஸ்ல யூசர் சர்வீஸ், டைமர், கிரான் மக்கர் பண்ணா எங்க பார்க்கணும்

மூணு நாலு வருஷமா தெரிஞ்சவங்க கடை, ஆபீஸ்னு ஏழெட்டு உபுண்டு மெஷினையும் ரெண்டு வாடகை சர்வரையும் நான்தான் பார்த்துக்கறேன். "அண்ணே, நேத்து பேக்கப் வரல"ன்னு காலையில போன் வந்தா பெரும்பாலும் காரணம் கீழ இருக்கிற ஏதோ ஒண்ணுதான், அதனால ஒரே பதிலை இருபது தடவை வாட்ஸ்அப்ல அடிக்கிறதுக்கு பதிலா இங்க எழுதி வச்சுடறேன். சர்வீஸ்னா பின்னணியில ஓடுற ப்ரோகிராம், டைமரும் கிரானும் குறிச்ச நேரத்துல ஒரு வேலையை ஓட்டி விடறது, சர்வீஸையும் டைமரையும் மேய்க்கிறது லினக்ஸோட 'சிஸ்டம்டி'. சூடோ (அட்மின் உரிமை) போட்டு ஓட்டுற சிஸ்டம் சர்வீஸ் பத்தி இது இல்ல. உங்க சொந்த லாகின்ல, உங்க ஹோம் ஃபோல்டர்ல இருந்து ஓடுற சமாச்சாரம் மட்டும்தான்.

கமாண்ட், ஃபைல் பேரு எல்லாத்தையும் தமிழ் எழுத்துலயே போட்டிருக்கேன், அடிக்கும்போது இங்கிலீஷ்ல அடிங்க. உதாரணத்துக்கு 'பேக்கப்'னு ஒரு சர்வீஸ் இருக்கிறதா வச்சுக்கலாம்.

எந்த கோளாறா இருந்தாலும் முதல்ல இந்த ரெண்டையும் ஓட்டுங்க, அப்புறம்தான் மத்தது:

சிஸ்டம்சிடிஎல் --யூசர் ஸ்டேட்டஸ் பேக்கப்.சர்வீஸ்
ஜர்னல்சிடிஎல் --யூசர் -யு பேக்கப்.சர்வீஸ் -ஈ

பாதி கேஸ் இதுலயே முடிஞ்சுடும். இதைப் பார்க்காமலே ரீபூட் பண்றவங்கதான் ஜாஸ்தி.

## லாக்அவுட் பண்ணதும் சர்வீஸ் நின்னுடுது, இல்ல ரீபூட்டுக்கு அப்புறம் எழும்பவே மாட்டேங்குது

இதுதான் எனக்கு வர்றதுலயே நம்பர் ஒன், என்னையே ரெண்டு வாரம் சுத்த விட்டதும் இதுதான். ஒரு சர்வர்ல சின்ன டெலிகிராம் பாட் ஒண்ணு போட்டு வச்சிருந்தேன், ராத்திரியில பதில் வரலன்னு கம்ப்ளெயிண்ட் வரும், நான் எஸ்எஸ்எச்ல உள்ள போய் பார்த்தா ஜம்முனு ஓடிக்கிட்டு இருக்கும், சரின்னு வெளிய வந்தா மறுபடி கம்ப்ளெயிண்ட். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்ட கதைதான். விஷயம் என்னன்னா, யூசர் சர்வீஸை எல்லாம் மேய்க்கிற மேனேஜரே நீங்க லாகின் ஆகும்போதுதான் எழும்பும், உங்க கடைசி செஷன் முடிஞ்சா சர்வீஸை எல்லாம் கூட்டிக்கிட்டு அதுவும் கிளம்பிடும். அதாவது நான் பார்க்க உள்ள போனதுனாலதான் அது ஓடுச்சு.

முதல் செக், 'லிங்கர்' (லாகின் இல்லாதப்பவும் மேனேஜரை ஓட விடற செட்டிங்) ஆன்ல இருக்கா:

லாகின்சிடிஎல் ஷோ-யூசர் உங்க-பேரு --ப்ராப்பர்ட்டி=லிங்கர்

'லிங்கர்=நோ'ன்னு வந்தாலோ, அந்த யூசர் லாகின்லயே இல்லன்னு எரர் அடிச்சாலோ, ஆள் சிக்கிட்டான். 'லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்'னு ஒரே ஒரு தடவை ஓட்டுங்க, பர்மிஷன் கேட்டா முன்னாடி சூடோ, பின்னாடி உங்க யூசர் பேரு. அதுக்கப்புறம் மெஷின் பூட் ஆகும்போதே உங்க மேனேஜரும் எழும்பிடும், யாரும் லாகின் ஆகத் தேவையில்ல. ஏறிடுச்சான்னு பார்க்க /வார்/லிப்/சிஸ்டம்டி/லிங்கர் ஃபோல்டர்ல உங்க பேர்ல ஒரு காலி ஃபைல் இருக்கும், அதான் அடையாளம். ரூட் இல்லாம பாட்மேன் கன்டெய்னர் ஓட்டுறவங்களுக்கும் இதே வைத்தியம்தான்.

லிங்கர் ஆன்ல இருக்கு, ஆனாலும் ரீபூட்டுக்கு அப்புறம் வரல. யூனிட் ஃபைலோட (சர்வீஸை எப்படி, எப்போ ஓட்டணும்னு எழுதி வச்ச ஃபைல்) கடைசியில 'வாண்டட்பை' என்ன இருக்குன்னு பாருங்க, எந்த டார்கெட் (சேர்ந்து எழும்புற யூனிட் கூட்டம்) கூட இது எழும்பணும்னு சொல்ற வரி அது. நெட்ல கிடைக்கிறதெல்லாம் சிஸ்டம் சர்வீஸுக்கு எழுதினது, அதை அப்படியே காப்பி அடிச்சா 'மல்ட்டி-யூசர்.டார்கெட்'னு இருக்கும். யூசர் பக்கம் அப்படி ஒரு டார்கெட்டே கிடையாது, எனேபிள் பண்றப்போ ஒழுங்கா லிங்க் போட்ட மாதிரி காட்டிட்டு பூட் அப்போ சும்மா இருக்கும். 'டீஃபால்ட்.டார்கெட்'னு மாத்துங்க, டெய்மன்-ரீலோட் போடுங்க, டிஸேபிள் பண்ணி மறுபடி எனேபிள் பண்ணுங்க. வெறுமனே ஃபைலை மாத்திட்டு விட்டா பழைய லிங்க் அப்படியேதான் கிடக்கும்.

பூட் ஆகுது, எழும்புது, ஆனா நெட் வர்றதுக்கு முன்னாடியே ஓடி ஃபெயில் ஆகுது. 'நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்'டையும் யூசர் யூனிட்ல எழுதி பிரயோஜனம் இல்ல, அது சிஸ்டம் பக்கத்து ஆளு, இங்க தெரியாது. நான் ஸ்கிரிப்ட் ஆரம்பத்துலயே நெட் வர்ற வரைக்கும் அஞ்சஞ்சு செகண்டா காத்திருக்கிற மாதிரி ஒரு சின்ன லூப் போட்டுடுவேன். அழகு இல்ல, ஆனா வேலை செய்யுது.

ஹோம் ஃபோல்டரை என்கிரிப்ட் பண்ணி, லாகின் பாஸ்வேர்டு போட்டாதான் திறக்கிற மாதிரி வச்சிருந்தீங்கன்னா லிங்கர் போட்டும் பலன் இல்ல, பூட் நேரத்துல உங்க ஃபைலே பூட்டிக் கிடக்கும். அந்த வேலையை வேற ஃபோல்டருக்கு மாத்தி சிஸ்டம் சர்வீஸா ஓட்டறதுதான் வழி. காலேஜ், கம்பெனி சர்வர்ல லிங்கர் போட பர்மிஷன் இல்லன்னு வந்தா அது அட்மின் வேணும்னே அடைச்சு வச்சதா இருக்கலாம். குறுக்கு வழி தேடாம நேராப் போய் கேளுங்க.

## சிஸ்டம்சிடிஎல் கமாண்டே "ஃபெயில்ட் டு கனெக்ட் டு பஸ்"ன்னு திட்டுது

நீங்க எந்த வழியா அந்த யூசருக்குள்ள வந்தீங்கன்னு யோசிங்க. ரூட்ல இருந்து 'எஸ்யு' போட்டோ 'சூடோ எஸ்யு' போட்டோ வந்திருந்தா இது வந்தே தீரும், ஏன்னா அப்படி வர்றது முழு லாகின் கிடையாது, 'எக்ஸ்டிஜி_ரன்டைம்_டிஐஆர்'னு ஒரு வேரியபிள் செட் ஆகியிருக்காது.

சுலபமான வழி, அந்த யூசரா நேரடியா எஸ்எஸ்எச்ல வாங்க. முடியலன்னா அந்த வேரியபிளை கையால /ரன்/யூசர்/1000 அப்படின்னு எக்ஸ்போர்ட் பண்ணுங்க, 1000ங்கிற இடத்துல அந்த யூசரோட ஐடி நம்பர், 'ஐடி -யு' அடிச்சா வரும். அந்த ஃபோல்டரே இல்லன்னா மேனேஜரே ஓடலன்னு அர்த்தம், மேல சொன்ன லிங்கர் கதைக்குப் போங்க. கொஞ்சம் புது சிஸ்டம்டியா இருந்தா, அதாவது 248 இல்ல அதுக்கு மேல, ரூட்ல இருந்தே 'சிஸ்டம்சிடிஎல் --யூசர் -எம் பேரு@ ஸ்டேட்டஸ்'னு கேட்கலாம்.

ஒண்ணு மட்டும் பண்ணாதீங்க: எரர் வருதேன்னு 'சூடோ சிஸ்டம்சிடிஎல் --யூசர்'னு அடிக்கிறது. அது ரூட்டோட யூசர் மேனேஜரைத்தான் தேடும், உங்களோடத இல்ல.

## ஸ்டார்ட் பண்ண உடனே ஃபெயில், கூடவே ஏதோ ஒரு நம்பர்

ஸ்டேட்டஸ்ல வர்ற அந்த நம்பரை முறைச்சுப் பார்த்துட்டு விட்டுடறாங்க, நேரா இடத்தைக் காட்டறதே அதுதான்.

203, எக்ஸெக். அந்த ஃபைலை ஓட்டவே முடியல. முதல்ல 'எக்ஸெக்ஸ்டார்ட்'ல (எதை ஓட்டணும்னு யூனிட் ஃபைல்ல சொல்ற வரி) முழு பாத் இருக்கான்னு பாருங்க, அலை கோடு போட்டா ஹோம்னு இங்க புரியாது, அதுக்கு பதில் '%எச்' போடணும். அடுத்து எக்ஸிக்யூட் பர்மிஷன், 'சிஎச்மாட் +எக்ஸ்'. அடுத்து முதல் வரியில '#!' இருக்கா. இது எல்லாம் சரியா இருந்தும் "நோ சச் ஃபைல்"னு வருதுன்னா, ஃபைல் கண்ணு முன்னாடி இருக்கும்போதே இல்லன்னு சொல்லும், தலையைப் பிச்சுக்கலாம் போல இருக்கும், அப்போ அந்த ஸ்கிரிப்ட் விண்டோஸ் நோட்பேட்ல எழுதினதான்னு விசாரிங்க. வரி முடிவுல கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டிக்கிட்டு இருக்கும், '/பின்/பாஷ்' கூட அதையும் சேர்த்து ஒரு ப்ரோகிராம் பேருன்னு நினைச்சு அது தேடிக்கிட்டு இருக்கும். 'டாஸ்2யூனிக்ஸ்' ஓட்டுனா போயிடும்.

200, சிஎச்டிஐஆர். 'வொர்க்கிங்டைரக்டரி'ல குடுத்த ஃபோல்டர் இல்ல. பென்டிரைவ், வெளி ஹார்ட்டிஸ்க் பாத் குடுத்திருந்தா அது மவுண்ட் ஆகியிருக்கான்னு பாருங்க.

216, குரூப். யூசர் யூனிட்டுக்குள்ள 'யூசர்='னு ஒரு வரி எழுதி வச்சிருப்பீங்க. அழிச்சுடுங்க, நீங்க ஏற்கனவே நீங்கதான்.

127. ஸ்கிரிப்ட் ஓடுது, அதுக்குள்ள இருக்கிற ஏதோ ஒரு கமாண்டை கண்டுபிடிக்க முடியல. அடுத்த தலைப்பு.

எதுவும் பிடிபடலன்னா 'சிஸ்டம்டி-அனலைஸ் --யூசர் வெரிஃபை' போட்டு யூனிட் ஃபைலைக் குடுங்க, எழுத்துப் பிழையை எல்லாம் வரி நம்பரோட சொல்லிடும்.

## கையால ஓட்டுனா ஓடுது, சர்வீஸா ஓடுனா ஓடல

உங்க டெர்மினல் வசதியான வீடு, பாஷ்ஆர்சி ஃபைல்ல (டெர்மினல் திறக்கும்போது படிக்கிற செட்டிங் ஃபைல்) நீங்க சேர்த்து வச்ச 'பாத்' (கமாண்டை எந்தெந்த ஃபோல்டர்ல தேடணும்ங்கிற லிஸ்ட்), வேரியபிள் எல்லாம் அங்க இருக்கும். சர்வீஸ் அதை எதையும் படிக்காது. எண்ணி வச்ச நாலு சாமானோட லாட்ஜ் ரூம்ல தங்கியிருக்கு.

சர்வீஸுக்கு என்ன தெரியுதுன்னு ஊகிக்காதீங்க, அதையே கேளுங்க:

சிஸ்டம்டி-ரன் --யூசர் --பைப் --வெயிட் என்வி

டெர்மினல்ல வெறும் 'என்வி' அடிச்சு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. வழக்கமா சிக்கறது அந்த 'பாத்' லிஸ்ட்தான். நோட் ஜேஎஸ்ஸை என்விஎம் மூலமா போட்டவங்க, பைத்தான் கருவிகளை ~/.லோக்கல்/பின்ல போட்டவங்க எல்லாரும் இதுல விழுந்திருப்பாங்க. ஸ்கிரிப்ட்ல முழு பாத் எழுதுறது உத்தமம். நிறைய சர்வீஸுக்கு ஒரே வேரியபிள் வேணும்னா ~/.கான்ஃபிக்/என்விரான்மென்ட்.டி ஃபோல்டர்ல ஒரு கான்ஃப் ஃபைல் போட்டுட்டு மேனேஜரை ரீஸ்டார்ட் பண்ணுங்க. சில பேர் ஸ்கிரிப்ட்ல 'சோர்ஸ் ~/.பாஷ்ஆர்சி'ன்னு போட்டுப் பார்த்துட்டு அப்பவும் வரலைன்னு வருவாங்க. உபுண்டு, டெபியன்ல அந்த ஃபைலோட ஆரம்பத்துலயே 'ஆள் உட்கார்ந்து அடிக்கலன்னா இத்தோட திரும்பிப் போ'ன்னு ஒரு செக் இருக்கு, நீங்க கீழ எழுதினது எதையும் அது எட்டிக் கூடப் பார்க்காது.

பைப், ஆம்பர்சண்ட், '>' எல்லாம் எக்ஸெக்ஸ்டார்ட்ல நேரா எழுதியிருக்கீங்களா? அது ஷெல் (டெர்மினல்ல நீங்க அடிக்கிறதைப் புரிஞ்சு ஓட்டுற ப்ரோகிராம்) கிடையாது. ஒண்ணு '/பின்/பாஷ் -சி' போட்டு மேற்கோளுக்குள்ள எழுதுங்க, இல்ல தனி ஸ்கிரிப்ட் ஆக்குங்க. ரெண்டாவதுதான் நல்லது. தேதி போட்டு ஃபைல் பேரு வைக்கிறவங்க யூனிட் ஃபைல்ல சதவீதக் குறியை ரெண்டு தடவை எழுதணும், ஒண்ணா எழுதினா அது சிஸ்டம்டிக்கு வேற அர்த்தம்.

ஆர்சின்க், கிட் மாதிரி எஸ்எஸ்எச் வழியா வேற மெஷினுக்குப் போற கமாண்ட் மட்டும் "பர்மிஷன் டினைட், பப்ளிக்கீ"ன்னு அடி வாங்குது. உங்க எஸ்எஸ்எச் கீக்கு பாஸ்ஃப்ரேஸ் இருக்கும், டெர்மினல்ல ஏஜென்ட் அதை ஞாபகம் வச்சுக்கிட்டு இருக்கும், சர்வீஸுக்கு அந்த ஏஜென்ட்டைத் தெரியாது. பேக்கப்புக்குன்னு பாஸ்ஃப்ரேஸ் இல்லாத தனி கீ ஒண்ணு போட்டு, அந்தப் பக்கம் அந்தக் கீயால ஒரே ஒரு கமாண்ட்தான் ஓட்ட முடியும்னு ஆத்தரைஸ்ட்_கீஸ் ஃபைல்ல கட்டுப்படுத்திடுவேன். அந்தக் கட்டுப்பாடு வைக்கத் தெரியலன்னா தெரிஞ்சவங்களைக் கூப்பிடுங்க. பூட்டு இல்லாத சாவியை அப்படியே விட்டுட்டுப் போறது பேக்கப் இல்லாம இருக்கறதைவிட மோசம்.

## டைமர் போட்டாச்சு, நேரத்துக்கு அடிக்கல

'சிஸ்டம்சிடிஎல் --யூசர் லிஸ்ட்-டைமர்ஸ் --ஆல்' போடுங்க. கிளை கிளையா பிரியும்:

லிஸ்ட்லயே இல்ல. டைமருக்கு பதிலா சர்வீஸை எனேபிள் பண்ணியிருப்பீங்க. 'எனேபிள் --நவ் பேக்கப்.டைமர்', கடைசியில 'டைமர்'னு எழுதணும். எழுதலன்னா அது சர்வீஸ்னுதான் எடுத்துக்கும், அப்புறம் பேக்கப் லாகின் ஆகும்போதெல்லாம் ஓடும், ராத்திரி மட்டும் ஓடாது.

லிஸ்ட்ல இருக்கு, அடுத்த நேரம் காலி. 'ஆன்யூனிட்ஆக்டிவ்செக்' மட்டும் போட்டிருப்பீங்க. அது கடைசியா ஓடுன நேரத்துல இருந்து எண்ணும், ஒரு தடவை கூட ஓடலன்னா எங்க இருந்து எண்ணும்? கூடவே 'ஆன்ஸ்டார்ட்டப்செக்=2மின்'னு ஒண்ணு சேருங்க.

அடிக்குது, வேற நேரத்துல. காலை 6:30க்கு வர வேண்டியது மதியம் 12 மணிக்கு வருதுன்னா யோசிக்கவே வேணாம், சர்வர் யுடிசில (உலகப் பொது நேரம்) இருக்கு, நமக்கும் அதுக்கும் அஞ்சரை மணி நேரம். 'டைம்டேட்சிடிஎல்' அடிச்சா தெரிஞ்சுடும். மொத்த சர்வர் நேரத்தையும் மாத்த வேணாம், லாக் எல்லாம் குழம்பும். டைமர்ல நேரம் எழுதுற 'ஆன்கேலண்டர்' வரியிலயே நேரத்துக்குப் பின்னாடி 'ஏஷியா/கொல்கத்தா'ன்னு எழுதலாம், எடுத்துக்கும். எழுதினது சரியான்னு 'சிஸ்டம்டி-அனலைஸ் கேலண்டர்'ல குடுத்துப் பாருங்க, --இட்டரேஷன்ஸ்=5 சேர்த்தா அடுத்த அஞ்சு தடவை எப்போன்னு சொல்லும். நான் இதைப் பார்க்காம எதையும் சேவ் பண்றதில்ல. சில செகண்ட் தள்ளி அடிக்குதுன்னா அது கோளாறு இல்ல, 'அக்யூரசிசெக்' டீஃபால்டா 1 நிமிஷம், வேணும்னா 1 செகண்ட்னு குறைச்சுக்கங்க.

மெஷின் ஆஃப்ல இருந்தப்போ தவறிப் போச்சு. கடை மெஷினை ராத்திரி ஆஃப் பண்ணிட்டு 2 மணிக்கு பேக்கப் போட்டா எப்படி வரும்? 'பெர்சிஸ்டெண்ட்=ட்ரூ' போட்டா அடுத்து எழும்பும்போது விட்டுப் போனதை ஓட்டிடும். ஆன்கேலண்டர் டைமருக்கு மட்டும்தான் இது. இதுல ஒரு துப்பும் இருக்கு: லிஸ்ட்ல 'லாஸ்ட்'னு தலைப்பு இருக்கிற கட்டத்துல தினம் நீங்க லாகின் ஆன நேரமே இருந்தா, லிங்கர் போடாம பெர்சிஸ்டெண்ட் மட்டும் வச்சு வண்டி ஓடிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

## கிரான்ல போட்டேன், சத்தமே இல்ல

டைமர் எதுக்கு, அஞ்சு ஸ்டார் போட்டமா போனமான்னு இருக்கிறவங்களுக்கு. நானும் சின்ன வேலைக்கு கிரான்தான்.

கிரானோட பாத் டெபியன், உபுண்டுல வெறும் /யுஎஸ்ஆர்/பின்னும் /பின்னும்தான், ஷெல்லும் பாஷ் இல்ல, எஸ்எச். அதனால முழு பாத் எழுதுங்க. சதவீதக் குறிக்கு முன்னாடி பேக்ஸ்லாஷ் போடுங்க, போடலன்னா கிரான் அந்த இடத்துல வரியை வெட்டிடும், '+%ஒய்%எம்%டி'ன்னு தேதி எழுதுறவங்க எல்லாம் இங்கதான் மாட்டறாங்க. கடைசி வரிக்கு அப்புறம் ஒரு என்டர் தட்டுங்க. எரர் எங்க போகுதுன்னு தெரியலன்னா வரி கடைசியில '>> /ஹோம்/பேரு/கிரான்.லாக் 2>&1' சேருங்க. அது இல்லன்னா கிரான் மெயில் அனுப்பப் பார்க்கும், மெயில் சர்வர் இல்லாத மெஷின்ல "நோ எம்டிஏ இன்ஸ்டால்ட், டிஸ்கார்டிங் அவுட்புட்"னு லாக்ல ஒரு வரி எழுதிட்டு தூக்கிப் போட்டுடும்.

தேதியும் கிழமையும் ரெண்டும் குடுத்தா ரெண்டும் பொருந்தணும்னு நினைச்சுக்கறோம், அப்படி இல்ல. '0 9 1 * 1'னா 1ம் தேதி திங்களா இருந்தா மட்டும் இல்ல, ஒவ்வொரு 1ம் தேதியும் ஓடும், ஒவ்வொரு திங்களும் ஓடும். ஒரு கடையில மாசம் ஒரு தடவை போக வேண்டிய பாக்கி நினைவூட்டல் எஸ்எம்எஸ் வாரா வாரம் போச்சு, எழுதினது நான்தான்.

சர்வரோட டைம்ஸோனை மாத்தினா கிரானை ரீஸ்டார்ட் பண்ணுங்க, அதுவரைக்கும் பழைய நேரத்துலயே ஓடும். அப்புறம், கிரான்டேப்புக்கு (உங்க கிரான் வரியை எல்லாம் எழுத, பார்க்க உதவுற கமாண்ட்) '-ஈ' எடிட், '-ஆர்' மொத்தமும் காலி, கீபோர்டுல ரெண்டும் பக்கத்து பக்கத்துல, கேட்கவும் கேட்காது. தொடறதுக்கு முன்னாடி 'கிரான்டேப் -எல் > கிரான்-நகல்.டெக்ஸ்ட்'. எனக்கு ஒரு தடவை கை தவறியிருக்கு, பதினோரு வரியை ஞாபகத்துல இருந்து திரும்ப எழுதினேன், பத்துதான் வந்துச்சு, பதினொண்ணாவது என்னன்னு அடுத்த மாசம் தெரிஞ்சுது.

## நல்லா ஓடிக்கிட்டு இருந்தது, ஒரு நாள் நின்னுடுச்சு

முதல்ல 'டிஎஃப் -எச்'. டிஸ்க் ஃபுல் ஆகியிருக்கும், பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதுறவங்க பழசை அழிக்க எழுத மறந்துடுவாங்க. இடம் இருக்குன்னு காட்டியும் எழுத முடியலன்னா 'டிஎஃப் -ஐ', லட்சக்கணக்குல குட்டிக் குட்டி ஃபைல் சேர்ந்து ஐநோட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்க்ல வேண்டிய ஒரு பதிவு இடம்) தீர்ந்திருக்கும்.

"ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிப்பீட்டட் டூ க்விக்லி"ன்னு வந்தா, 'ரீஸ்டார்ட்' வரி போட்டிருப்பீங்க, 'ரீஸ்டார்ட்செக்' போட்டிருக்க மாட்டீங்க. டீஃபால்ட் 100 மில்லிசெகண்ட், 10 செகண்டுக்குள்ள 5 தடவைக்கு மேல ஸ்டார்ட் ஆகப் பார்த்தா கைவிட்டுடும். நெட் ஒரு நிமிஷம் போனா போதும், அஞ்சு தடவையும் கண் மூடித் திறக்கறதுக்குள்ள தீர்ந்துடும். 'ரீஸ்டார்ட்செக்=30'னு வச்சு, 'ரீசெட்-ஃபெயில்ட்' போட்டு ஸ்டார்ட் பண்ணுங்க.

'ஓஓஎம்-கில்'னு இருந்தா மெமரி பத்தல. ஸ்கிரிப்ட் ஏன் அவ்வளவு தின்னுதுன்னு முதல்ல பாருங்க, ஸ்வாப் சேர்க்கிறது அடுத்து, ரேம் வாங்கறது கடைசி.

கிரான் வேலைன்னா முன்னாடி ஓட ஆரம்பிச்சது முடியறதுக்குள்ள அடுத்தது கிளம்பி ரெண்டும் ஒரே ஃபைல்ல எழுதிக்கிட்டு இருக்கலாம். டைமர் அப்படி விடாது, ஓடிக்கிட்டு இருந்தா இன்னொண்ணு கிளப்பாது. கிரான்ல நீங்கதான் 'எஃப்லாக் -என்' (ஒண்ணு ஓடும்போது இன்னொண்ணை விடாத பூட்டு) போட்டுக்கணும்.

## லாக்ல ஒண்ணுமே இல்ல

பைத்தான் ப்ரோகிராமா? அது பிரிண்ட்டை சேர்த்து வச்சு மொத்தமா விடும். யூனிட்ல 'என்விரான்மென்ட்=பைத்தான்அன்பஃபர்ட்=1' போடுங்க. "நோ ஜர்னல் ஃபைல்ஸ்"னு வந்தா 'சூடோ ஜர்னல்சிடிஎல் --யூசர்-யூனிட்=பேக்கப்.சர்வீஸ்'னு ரூட் வழியா கேளுங்க, அங்க இருக்கும். பழைய லாக் ரீபூட்ல அழிஞ்சு போகுதுன்னா /வார்/லாக்/ஜர்னல் ஃபோல்டர் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா அது மெமரிலதான் எழுதிக்கிட்டு இருக்கு.

## எப்போ கையை எடுக்கணும்

மேல உள்ளதெல்லாம் கன்ஃபிக் கோளாறு, தப்பா மாத்தினாலும் திரும்ப மாத்திடலாம். ஆனா 'டிஎம்இஎஸ்ஜி' கமாண்ட்ல "ஐ/ஓ எரர்"னு வரிசையா வருது, இல்ல டிஸ்க் தானா ரீட்-ஒன்லி ஆகுதுன்னா சர்வீஸை எல்லாம் ஸ்டாப் பண்ணிட்டு கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருங்க. அது ஹார்ட்டிஸ்க் சாகற அறிகுறி, அந்த நேரத்துல எஃப்எஸ்சிகே (டிஸ்க்கை சரி பார்த்து ரிப்பேர் பண்ற கமாண்ட்) ஓட்டி, ரீஸ்டார்ட் பண்ணி, ஒவ்வொண்ணா முயற்சி பண்ணிப் பார்த்து மிச்சம் இருக்கிறதையும் கெடுத்தவங்களை எனக்குத் தெரியும். டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்ட குடுங்க, அது முடியறவரைக்கும் ஆன் பண்ணாதீங்க. அதே மாதிரி நீங்க எழுதாத ஒரு சர்வீஸோ கிரான் வரியோ உங்க பேர்ல இருந்து, அழிச்சா அரை மணி நேரத்துல திரும்ப வந்து உட்கார்ந்தா, அதுவும் நம்ம கை வேலை இல்ல. நெட் கேபிளைப் பிடுங்கிட்டு செக்யூரிட்டி தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்க, அந்த வரியை மட்டும் அழிக்காம அப்படியே விட்டு வைங்க, வர்றவர் முதல்ல அதைத்தான் கேட்பார்.